காஞ்சனை எந்த வாசல் வழியாக வந்தாள்?

புதுச்சேரிக்கு மேற்கே, சிறிது தொலைவில், வேடர்கள் பறவை சுட வரும் ஒரு மாஞ்சோலை. வேடர் வராத ஒருநாள் அங்கே ஒரு குயில் பாடுகிறது. பாட்டில் மயங்கி நிற்பவரிடம் தன் காதலையும் சொல்கிறது. அடுத்தடுத்த நாள்களில் அதே குயில் ஒரு குரங்கிடமும், பிறகு ஒரு மாட்டிடமும் அதே காதலைப் பாடுவதைப் பார்த்து அவர் கொதிக்கிறார். முற்பிறவிக் கதையொன்று விரிகிறது. கடைசியில் குயில் பெண்ணாகி நிற்கிறது. பெண்ணும் மறைகிறாள், சோலையும் மறைகிறது. விழித்துப் பார்த்தால் சுற்றிலும் பழைய சுவடிகள், எழுதுகோல், பத்திரிகைகள், பாய்.

பாரதி 1908 முதல் 1918 வரை புதுச்சேரியில் வாழ்ந்தபோது எழுதியது இந்தக் குயில் பாட்டு. செய்யுள்தான். ஆனாலும் அதன் கட்டுமானம் ஒரு சிறுகதையுடையது என்றே எனக்குத் தோன்றுகிறது. ஒரே இடம், சில நாள்கள், ஒரு திருப்பம், பட்டென்று முடிவு. அந்த மாஞ்சோலை இருந்த மேற்குத் திசையிலேயே இன்னும் போனால் வில்லியனூர் வரும். அங்கே திருக்காமீசுவரர் கோயிலில் அம்மனும் குயிலின் பெயர் கொண்ட கோகிலாம்பாள்தான்.

குயில் பேசாது என்பது வாசகருக்குத் தெரியும். தெரிந்தும், அது மாட்டிடம் போய் உருகும்போது அவருக்கும் சுருக்கென்கிறது. கனவு என்று தெரிந்ததும் ஏதோ கைநழுவிப் போனதுபோல இருக்கிறது. இல்லாத ஒன்று எப்படிக் கைநழுவும்? இதைத் தேடிப் போனால் வந்து சேரும் இடம் மூளையின் மிக விசித்திரமான மூலைகளில் ஒன்று. அங்கே காத்திருக்கும் முதல் செய்தியே திகைக்க வைக்கும்: 'இது நிஜம்' என்று குத்துவதற்கு மூளையிடம் தனி முத்திரை எதுவும் கிடையாது.

மூளை இருக்கும் இடத்தை ஒருமுறை நினைத்துப் பாருங்கள். மண்டையோட்டுக்குள் ஒளி இல்லை, ஒலி இல்லை, மணம் இல்லை. ஏறத்தாழ 1.4 கிலோ எடையுள்ள அந்த உறுப்புக்கு வந்து சேர்வதெல்லாம் நரம்புகளின் மின்துடிப்புகள் மட்டுமே. வெளியே ஒரு மாம்பழத்தைப் பார்க்கும்போது பின்மண்டைப் பக்கத்துப் பார்வைப் பகுதிகள் துடிக்கின்றன. கண்ணை மூடி மாம்பழத்தை நினைத்தாலும் அதே பகுதிகளில் பல துடிக்கின்றன, கொஞ்சம் மெதுவாக. பார்ப்பதற்கென்று ஓர் அறை, நினைப்பதற்கென்று இன்னோர் அறை என்று மூளை கட்டி வைக்கவில்லை. ஒரே கூடத்தில் இரண்டு விருந்தும் நடக்கிறது. எந்த இலை யாருடையது என்று ஒவ்வொரு முறையும் அது கணக்குப் போட்டுத்தான் சொல்கிறது.

அந்தக் கணக்கு தவறும் என்பதைப் பிடித்துக் காட்டியவர் மேரி பெர்க்கி. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் உளவியல் ஆய்வாளர். அவருடைய ஆய்வு 1910இல் வெளியானது. தன் முன் அமர்ந்தவர்களிடம் ஒரு மங்கலான கண்ணாடித் திரையைக் காட்டி, அதில் ஒரு தக்காளியை, ஒரு வாழைப்பழத்தை, ஓர் இலையை மனத்தால் வரைந்து பார்க்கச் சொன்னார். அவர்கள் நினைத்துக்கொண்டிருக்கும்போதே, திரைக்குப் பின்னாலிருந்து அதே பொருளின் மிக மங்கலான படத்தை உண்மையிலேயே விழ வைத்தார். யாரும் கண்டுகொள்ளவில்லை. தம் கற்பனை அன்றைக்கு நன்றாக வேலை செய்கிறது என்றே நினைத்தார்கள். சிலர் மட்டும் ஒன்றைச் சொல்லி வியந்தார்கள்: படுத்துக் கிடக்கும் வாழைப்பழத்தைத்தானே நினைத்தேன், இது ஏன் நிமிர்ந்து நிற்கிறது? பெர்க்கி போட்ட படம் நிமிர்ந்துதான் இருந்தது. கண்முன் இருந்த பழத்தைத் தம் மனத்தின் பழம் என்று நம்பிவிட்டார்கள். பேயைப் பார்த்தவர் செய்யும் தவற்றின் நேர் மறுபக்கம் இது.

நூறாண்டுக்கு மேல் கழித்து, லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் நடீன் டைக்ஸ்ட்ராவும் ஸ்டீவன் ஃபிளெமிங்கும் இந்தச் சோதனையைப் புதிதாகச் செய்தார்கள். முடிவுகள் 2023இல் வெளிவந்தன. 600க்கும் மேற்பட்டவர்கள் இணையம் வழியே கலந்துகொண்டார்கள். புள்ளிகள் மொய்க்கும் திரையில் சாய்ந்த கோடுகளை நினைக்கச் சொன்னார்கள். திரையில் உண்மையான கோடுகள் வந்தனவா என்று பிறகு கேட்டார்கள். ஒருவரிடம் ஒரே ஒரு முறைதான் இதைக் கேட்க முடியும். கேள்வியைக் கேட்டுவிட்டால் அடுத்த முறை அவர் உஷாராகிவிடுவார். கற்பனையில் துலக்கமாகக் கோடு கண்டவர்களே 'ஆமாம், உண்மையில் இருந்தது' என்று சொல்லும் வாய்ப்பு அதிகமாக இருந்தது. மூளை இரண்டு ஊற்றுகளிலிருந்தும் வரும் துடிப்புகளைக் கூட்டிப் பார்க்கிறது. கூட்டுத்தொகை ஓர் எல்லையைத் தாண்டினால் நிஜம், தாண்டாவிட்டால் நினைப்பு.

புதுச்சேரியின் பாகூர்ப் பக்கம் நெல் தூற்றுவதைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். காற்றுக்கு நெல் எது, பதர் எது என்று தெரியாது. அதற்குத் தெரிந்தது எடை ஒன்றே. கனமானது நேரே விழும், இலேசானது பறந்துவிடும். பெரும்பாலும் அது சரியாகவே பிரிக்கும். ஆனால் பதர் நனைந்து கனத்திருந்தால் நெல்லோடு நெல்லாகவே குவியும். நம் கற்பனை பெரும்பாலும் இலேசானது, அதனால் பறந்துவிடுகிறது. அதைக் கனக்க வைக்கத் தெரிந்தவர் யாரோ அவர்தான் மாயக்கதை எழுதத் தெரிந்தவர்.

மூளைக்குள் இந்த எடை எங்கே பார்க்கப்படுகிறது என்பதும் இப்போது துலங்கி வருகிறது. அதே டைக்ஸ்ட்ராவின் குழு 2025இல் காட்டியபடி, காதுகளுக்கு உட்புறமாக மூளையின் அடித்தளத்தில் ஓடும் கதிர்மடிப்பு என்னும் பகுதியில் துடிப்பு எவ்வளவு வலுக்கிறதோ அவ்வளவுக்கு நாம் 'நிஜம்' என்கிறோம். துடிப்பை எழுப்பியது கண்ணா கற்பனையா என்பது அங்கே பொருட்டே இல்லை. தீர்ப்பை எழுதுவது நெற்றிக்குப் பின்னால் உள்ள முன்மூளைப் பகுதிகள். அந்த முன்மூளையின் நடுப்பக்கத்தில் பாராசிங்குலேட் பள்ளம் என்று ஒரு மடிப்பு இருக்கிறது. கருவில் கடைசிக் காலத்தில் உருவாகும் மடிப்புகளில் ஒன்று. சிலருக்கு நீளமாக இருக்கும், சிலருக்குப் பிறவியிலேயே இருக்காது. கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் நல்ல உடல்நலமுள்ள 53 பேரைச் சோதித்து 2011இல் வெளியிட்டார்கள். இருபுறமும் இந்தப் பள்ளம் இல்லாதவர்கள், ஒரு சொல்லைத் தாம் கண்ணால் பார்த்தோமா அல்லது மனத்தால் நிரப்பிக்கொண்டோமா என்பதை அடிக்கடி குழப்பினார்கள். மனச்சிதைவு நோயுள்ளவர்களிடம் 2015இல் நடந்த ஆய்வு இன்னும் ஒருபடி மேலே போனது. அந்தப் பள்ளம் ஒரு சென்டிமீட்டர் குறைந்தால் மாயக்குரல், மாயக்காட்சி வரும் வாய்ப்பு ஏறத்தாழ 20 விழுக்காடு கூடுகிறது. ஒரு சுண்டுவிரல் நகத்தின் அகலம்தான். எது நடந்தது, எது நடக்கவில்லை என்ற தீர்ப்பின் ஒரு பங்கு அதில் தொங்குகிறது.

இனி ஓர் இரவுக்கு வருவோம். புதுச்சேரியின் மிகப் பெரிய ஏரி வில்லியனூர்ப் பக்கத்து ஊசுட்டேரி, அடுத்தது பாகூர் ஏரி. இப்படி ஒரு ஏரிக்கரையில் நிலவில்லாத இரவில் தனியாக நடப்பவரின் கண்ணுக்கு என்ன நேர்கிறது? விழித்திரையில் நிறம் பார்க்கும் கூம்புச் செல்கள் ஏறத்தாழ 60 லட்சம், மங்கிய ஒளியில் வேலை செய்யும் கோல் செல்கள் ஏறத்தாழ 12 கோடி. பார்வையின் நட்டநடுப் புள்ளியில் கோல் செல்களே கிடையாது. கையை நீட்டிப் பிடித்தால் கட்டைவிரல் நகம் மறைக்கும் அளவுள்ள அந்த வட்டம் இருட்டில் குருடு. அதனால் கடைக்கண்ணில் ஏதோ வெளுப்பாகத் தெரியும், திரும்பி நேராகப் பார்த்தால் காணாமல் போகும், பார்வையை விலக்கினால் மறுபடியும் வந்து நிற்கும். பார்த்தால் மறைகிறது, பார்க்காவிட்டால் தொடர்கிறது. பேயைப் பற்றி நம் பாட்டிமார் சொன்ன இலக்கணம் முழுவதும் இந்த இரண்டு வரிகளில் அடங்கிவிடுகிறது. அவர்கள் பொய் சொல்லவில்லை. தம் விழித்திரையைத் துல்லியமாக வருணித்தார்கள்.

அதோடு முடியவில்லை. இருட்டில் தொலைவில் ஒற்றை விளக்கு எரிந்தால், மோட்டார் கொட்டகை விளக்காகவே இருந்தாலும், அதை உற்றுப் பார்க்கப் பார்க்க அது மெல்ல நகர்வதுபோலத் தெரியும். பக்கத்தில் ஒப்பிட வேறு பொருள் இல்லாதபோது, விளக்கு நிற்கிறதா நம் கண் அசைகிறதா என்று மூளையால் பிரிக்க முடிவதில்லை. வெண்மையான அடிவயிறு கொண்ட கூகை சிறகடிப்புச் சத்தமே இல்லாமல் தலைக்கு மேல் போனால் அதையும் இந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஏரிக்கரைக் கதைகளில் கொள்ளிவாய்ப் பிசாசுக்குத் தனி இடம் உண்டு. சேற்றின் மேல் எரிந்து அலைந்து மறையும் நீல ஒளி. அழுகிய தாவரங்களிலிருந்து கிளம்பும் மீத்தேன் வாயு எரிகிறது என்பது பழைய விளக்கம். ஆனால் மீத்தேன் தானாகப் பற்றிக்கொள்ள 500 பாகை செல்சியசுக்கு மேல் வெப்பம் வேண்டும். ஈரச் சேற்றில் தீக்குச்சி கிழித்தது யார்? இந்தக் கேள்வி வெகுகாலம் அப்படியே கிடந்தது. ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் ஜாரும் அவருடைய குழுவினரும் 2025இல் ஒரு விடை சொன்னார்கள். நீருக்குள் மேலேறும் நுண்குமிழிகளில் மின்னேற்றம் பிரிகிறது. இரண்டு குமிழிகள் நெருங்கும்போது அவற்றுக்கிடையே கண்ணுக்குத் தெரியாத குட்டி மின்னல் பாய்கிறது. அது மீத்தேனைத் தூண்டிக் குளிர்ந்த சுடராக ஒளிர வைக்கிறது. ஆகப் பிசாசு இல்லை என்றாலும் கொள்ளி இருந்திருக்கிறது. பார்த்தவரின் கண்ணில் பிழையே இல்லை, பெயர் வைத்ததில்தான் தாவல்.

இந்தத் தாவலைப் பற்றிப் பாகூரில் 1,100 ஆண்டுகளுக்கு முன்பே பாடம் நடந்திருக்க நல்ல வாய்ப்பு உண்டு. பாகூரில் கிடைத்த செப்பேடுகள் பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனின் 8ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தவை. அங்கிருந்த வித்யாஸ்தானத்துக்கு, அதாவது உயர்கல்விக் கூடத்துக்கு, மூன்று ஊர்களின் வருவாயை எழுதிவைத்த ஆவணம் அது. நான்கு வேதங்கள், ஆறு அங்கங்கள், மீமாம்சை, நியாயம், தர்ம சாத்திரம், புராணம் எனப் பதினான்கு வித்தைகள் என்பது அந்தக் காலக் கல்வியின் வழக்கமான கணக்கு. அவற்றுள் நியாயம் படித்தவர்களுக்குப் பிடித்த புதிர் கயிற்றரவு: அந்தி நேரத்தில் கயிற்றைப் பார்த்துப் பாம்பு என்று துள்ளுகிறோமே, அந்தப் பாம்பு எங்கிருந்து வந்தது? நியாயவாதிகளின் விடை அருமையானது. பாம்பு பொய்யல்ல, வேறோர் இடத்தில் வேறொரு நேரத்தில் உண்மையாகவே பார்த்த பாம்பு அது. நினைவில் கிடந்த அது இந்தக் கயிற்றின் மேல் வந்து விழுந்துவிட்டது. பிழை பொருளில் இல்லை, இடம் மாறியதில் இருக்கிறது. ஸ்கேன் கருவி எதுவுமின்றி, விளக்கொளியில் உட்கார்ந்து வாதிட்டே இந்த இடத்துக்கு அவர்கள் வந்தார்கள் என்பதை நினைக்கும்போது எனக்கு மெய்சிலிர்க்கிறது.

ஏனென்றால் நவீன உளவியலும் இந்த வழியாகத்தான் வந்தது. மார்சியா ஜான்சன், கேரல் ரே என்ற இருவர் 1981இல் 'மெய்ம்மைக் கண்காணிப்பு' என்ற கருத்தை முன்வைத்தார்கள். ஒரு நினைவு வெளியே நடந்ததிலிருந்து வந்ததா, உள்ளேயே பிறந்ததா என்று மூளை செய்யும் சோதனைக்கு அவர்கள் வைத்த பெயர் அது. சோதனைக்கு இரண்டு அடையாளங்கள். உண்மையில் நடந்தவற்றின் நினைவில் நிறம், மணம், இடம், நேரம் போன்ற சில்லறை விவரங்கள் நிறைய ஒட்டிக்கொண்டிருக்கும். கற்பனையின் நினைவில் அவை குறைவு. பதிலாக 'முயன்று நினைத்தேன்' என்ற உழைப்பின் தடம் இருக்கும். விவரம் மிகுந்தால் நிஜம், உழைப்பு தெரிந்தால் கற்பனை.

இந்த இரண்டையும் திருத்தி எழுதிவிட்டால்? புதுமைப்பித்தன் அதைத்தான் செய்தார். 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' கதையில் கடவுள் வந்து இறங்குவது மேகத்திலிருந்து அல்ல. பிராட்வேயும் எஸ்பிளனேடும் கூடும் சந்திப்பில், டிராமில் போவதா பஸ்ஸில் போவதா என்று கந்தசாமிப் பிள்ளை கையிருப்பைக் கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கும் இடத்தில். பிறகு இருவரும் காப்பி குடிக்கப் போகிறார்கள். தெருவின் பெயர், சில்லறைக் கணக்கு, காப்பி: மூன்றுமே முதல் அடையாளத்தைக் கள்ளமாக நிறைவேற்றும் விவரங்கள். வாசகரின் மூளை அவற்றை ஒவ்வொன்றாகச் சரிபார்த்து 'ஆமாம், ஆமாம்' என்று தலையாட்டிக்கொண்டே வருகிறது. தலையாட்டும் வேகத்திலேயே கடவுளுக்கும் ஓர் 'ஆமாம்' போட்டுவிடுகிறது. நடை பேச்சைப்போல ஓடுவதால் முயன்று நினைத்த களைப்பும் வருவதில்லை. இரண்டாம் அடையாளமும் அழிந்தது. மாயக் கதையில் மாயத்தைவிட வீட்டுச் சாமான்களுக்கே அதிகக் கவனம் வேண்டும் என்று நான் நம்புவது இதனால்தான்.

அவருடைய 'காஞ்சனை' அதைவிட ஆழமாகப் போகிறது. 1943இல் வந்த கதை. கதை சொல்பவர் ஒரு கதாசிரியர், பொய் சொல்வதே தொழில் என்று தொடக்கத்திலேயே ஒப்புக்கொள்பவர். தூக்கம் வராமல் புரளும் ஓர் இரவில் அவர் நாசியில் ஒரு வாடை. பிணவாடையும் நறுமணமும் ஒன்றுக்குள் ஒன்று மாறி வருகின்றன. பிறகு பிச்சைக்காரியாக வந்து வீட்டு வேலைக்குச் சேர்கிறாள் காஞ்சனை. கடைசிவரை அவள் யார் என்பது தீர்வதில்லை. நரம்பியல் தெரிந்தவர் ஒருவர் உட்கார்ந்து திட்டமிட்டிருந்தாலும் இவ்வளவு பொருத்தமாக வாசல்களைத் தேர்ந்திருக்க முடியாது.

மூக்கை எடுத்துக்கொள்வோம். பார்வையும் ஒலியும் தலாமஸ் என்னும் இடைநிலையத்தில் நின்றுதான் மூளையின் மேற்பகுதிக்குப் போகும். மணம் மட்டும் அங்கே நிற்காமல் அச்சத்தையும் நினைவையும் ஆளும் பகுதிகளுக்கு நேராகப் போய்ச் சேருகிறது. என்ன வாடை என்று பெயர் தெரிவதற்கு முன்பே வயிற்றைப் பிசைவது அதனால்தான். மணத்துக்கு இரண்டாம் சாட்சியும் கிடையாது. கேட்ட சத்தத்தை எட்டிப் பார்த்துச் சரிபார்க்கலாம், வாடையை எங்கே எட்டிப் பார்ப்பது?

அந்த நறுமணமும் பிணவாடையும்கூட வேதியியலில் ஒட்டுறவு கொண்டவை. இண்டோல் என்று ஒரு சேர்மம் இருக்கிறது. மல்லிகையின் மணத்தில் அதற்குப் பங்கு உண்டு. புரதம் அழுகும்போது நுண்ணுயிர்கள் அதையே உண்டாக்குகின்றன. காற்றில் மிகக் குறைவாக இருந்தால் பூவாக மணக்கும், அடர்ந்தால் அழுகலாக நாறும். ஒரே மூலக்கூறு மூக்கில் இரண்டு உலகங்களைத் திறக்கிறது. பூக்கடைக்குள் நெடுநேரம் நின்றவர்களுக்கு மல்லிகை எந்தக் கணத்தில் திகட்டித் திரிகிறது என்பது நன்றாகத் தெரியும். புதுமைப்பித்தனுக்கு இண்டோல் தெரிந்திருக்க வேண்டியதில்லை. அந்தத் திரிபு தெரிந்திருந்தது.

அடுத்த வாசல் உறக்கம். கனவு காணும் கட்டத்தில் நம் தசைகளை மூளைத்தண்டு பூட்டிவிடுகிறது. இல்லாவிட்டால் கனவில் ஓடுபவர் கட்டிலிலிருந்து எழுந்து ஓடிவிடுவார். சில வேளை விழிப்பு முந்திக்கொள்ளும், பூட்டு பிந்தித் திறக்கும். கண் திறந்திருக்கிறது, அறை தெரிகிறது, கைகால் அசையவில்லை, மார்பின் மேல் யாரோ உட்கார்ந்திருக்கிறார்கள். கனவின் மிச்சம் அறையின் மேல் படிந்து நிற்கிறது. ஊரில் இதை அமுக்குவான் என்பார்கள், மருத்துவத்தில் உறக்கவாதம். 36,000க்கும் மேற்பட்டோரைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2011இல் கணக்கிட்டபோது, 100இல் 8 பேருக்கு வாழ்நாளில் ஒருமுறையாவது இது நேர்ந்திருந்தது. ஒரு நிறைந்த பேருந்தில் நான்கைந்து பேராவது இந்தக் காஞ்சனையை நேரில் பார்த்தவர்கள். தூக்கம் கெட்டவர்களிடம் இது கூடுதலாக வருகிறது. கதையின் தொடக்கத்தில் அந்த மனிதர் தூங்காமல் கிடப்பது வெறும் சூழல் வருணனை அல்ல.

மௌனி தேர்ந்த வாசல் அரையிருட்டு. சிதம்பரத்தில் வாழ்ந்தவர், மொத்தமே இருபத்து நான்கு கதைகளளவில் எழுதியவர். அவருடைய 'அழியாச்சுடர்' 1937இல் மணிக்கொடி இதழில் வந்தது. கோயில் தூணின் யாளி உயிர்கொண்டு எழுவதுபோல அதில் ஒரு கணம் வரும். எண்ணெய் விளக்கின் சுடர் அசையும்போது, பிதுங்கிய கல்விழியின் நிழலும் அசைகிறது. முகம்போன்ற எதைக் கண்டாலும் ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்குக்குள் நம் மூளை அதை முகமாகப் பதிவுசெய்துவிடும். கல் என்ற அறிவு பின்னால்தான் வந்து சேரும். அந்த இடைவெளி இமைக்கும் நேரத்தைவிடச் சிறியது. மௌனி அதற்குள் தம் கதை முழுவதையும் நிறுத்திவிட்டார்.

எழுத்துக்கு வெளியேயும் இந்த ஊர்கள் இந்த வித்தையை அறிந்திருந்தன. வில்லியனூர், பாகூர்ப் பக்கத்துக் கிராமங்களில் திரௌபதி அம்மன் திருவிழாவில் நடக்கும் தெருக்கூத்து இரவு தொடங்கி விடியும்வரை போகும். பார்ப்பவரின் உடல்வெப்பம் அதிகாலை நான்கு, ஐந்து மணிக்குத்தான் மிகத் தாழும். அரைநொடி, ஒருநொடி என்று தூக்கம் கண்ணைக் கவ்வும். அந்த நேரத்தில் கிரீடமும் புஜக்கட்டையும் தாளமும் கனவுக்குள்ளேயே இறங்கி வரும். பக்கத்து வீட்டுக்காரர் துரியோதனனாகியிருப்பார். ஆனால் கூத்தில் கட்டியங்காரன் இருக்கிறான். ஒரு கால் பாரதத்திலும் ஒரு கால் நம் தெருவிலும் வைத்து, ராஜாவிடம் பேசிய மூச்சோடு ஊர்த் தலைவரையும் கிண்டல் செய்வான். எது வேடம், எது ஊர் என்று அவ்வப்போது நினைவூட்டும் கண்காணிப்பாளன் அவனே. புதுமைப்பித்தன் கதையில் அந்தக் கட்டியங்காரனை அப்புறப்படுத்திவிட்டார். மௌனி அவனை உள்ளே விடவே இல்லை.

இவ்வளவும் சிறுகதையில் இத்தனை வலுவாக ஏறுவது ஏன்? நானூறு பக்க நாவலில் இது இவ்வளவு எளிதல்ல. விடை டேனியல் கில்பர்ட் என்ற உளவியலாளரின் சோதனையில் இருக்கிறது என்பது என் துணிபு. 1990இல் வெளியானது. புரியாத அயல்மொழிச் சொற்களுக்குப் பொருள் சொல்லும் வாக்கியங்களைக் காட்டினார். இன்ன சொல்லுக்கு நட்சத்திரம் என்று பொருள், இப்படி. ஒவ்வொன்றுக்குப் பின்னும் 'சரி' அல்லது 'தவறு' என்று திரையில் வரும். சிலமுறை அந்த நேரம் பார்த்து ஓர் ஒலியை எழுப்பி, வேறொரு பொத்தானை அழுத்தச் சொல்லிக் கவனத்தைக் கலைத்தார். பிறகு கேட்டபோது, கலைக்கப்பட்டவர்கள் தவறான வாக்கியங்களைச் சரியென்றே நினைவில் வைத்திருந்தார்கள். சரியானவற்றைத் தவறென்று மாற்றி நினைத்தது அதே அளவுக்கு நடக்கவில்லை. புரிந்துகொள்வதும் நம்புவதும் முதலில் ஒரே செயலாக நடந்துவிடுகின்றன. நம்பாமலிருப்பது பின்னால் தனியாகச் செய்ய வேண்டிய வேலை. அதற்கு நேரமும் தெம்பும் வேண்டும். பதினேழாம் நூற்றாண்டிலேயே தத்துவஞானி ஸ்பினோசா இப்படித்தான் இருக்கும் என்றார்.

நாவலை நாம் மூடி வைக்கிறோம், சாப்பிடுகிறோம், தூங்கி எழுந்து மறுநாள் திறக்கிறோம். ஒவ்வொரு முறை மூடும்போதும் சந்தேகம் தன் வேலையை முடித்துக்கொள்ள அவகாசம் கிடைக்கிறது. சிறுகதையோ ஒரே அமர்வில் ஓடிவிடுகிறது. அரைமணி நேரத்துக்குள் கண் அடுத்த வரிக்குத் தாவிக்கொண்டே இருக்கிறது, ஒவ்வொரு வரியும் ஒரு புதிய பொத்தான். சந்தேகம் கச்சையைக் கட்டிக்கொண்டு வருவதற்குள் கதை முடிந்துவிடும். நல்ல மாயக்கதைகள் விளக்கம் சொல்லாமல் நிற்பதற்கும் இதுவே காரணம். கடைசிப் பத்தியில் ஒரு காரணத்தைக் கொடுத்தால் வாசகரின் தீர்ப்புமன்றம் வழக்கை முடித்து எழுந்துவிடும். கொடுக்காவிட்டால் வழக்கு நிலுவையில் கிடக்கும், நினைவு கலையாமல் இருக்கும். குயில் பாட்டில் பாரதி விழித்தெழுந்து கனவு என்று சொல்லிவிடுகிறாரே என்று கேட்கலாம். சொல்லிவிட்டு, இதற்கு உள்ளர்த்தம் காண வழியிருந்தால் சொல்லுங்கள் என்று புலவர்களிடம் கேள்வியைத் தூக்கிப்போட்டு நிறுத்துகிறார். ஒரு கதவைச் சாத்திய கையோடு இன்னொன்றைத் திறந்து வைத்த வேலை அது.

படிக்கும் மூளையை ஸ்கேனுக்குள் வைத்துப் பார்த்தவர்களும் உண்டு. உளவியலாளர் ஜெஃப்ரி சாக்ஸின் ஆய்வகத்திலிருந்து 2009இல் வந்த ஆய்வில், ஒரு சிறுவனின் ஒருநாள் பற்றிய கதையை ஒவ்வொரு சொல்லாகத் திரையில் காட்டினார்கள். கதையில் அவன் ஒரு பொருளைக் கையால் எடுக்கும் வரி வந்தால், ஆடாமல் படுத்திருக்கும் வாசகரின் மூளையில் கையசைவோடு தொடர்புள்ள பகுதி துடித்தது. அவன் இடம் மாறினால் இடத்தை அளக்கும் பகுதி துடித்தது. கதை என்பது நமக்குச் சொல்லப்படுவது மட்டுமல்ல, பாதி ஒத்திகையாக நம் உடலில் நடப்பதும்கூட.

குரல்கள் இதைவிட விந்தை. நாம் பேசும்போதெல்லாம், 'இந்தச் சத்தம் என்னுடையது, பொருட்படுத்த வேண்டாம்' என்று ஒரு முன்னறிவிப்பு நகல் கேட்கும் பகுதிக்குப் போகிறது. நம்மை நாமே கிச்சுகிச்சு மூட்ட முடியாததும் இதே ஏற்பாட்டால்தான். மனத்துக்குள் பேசுவதற்கும் அந்த நகல் உண்டு. அது வலுவிழக்கும்போது சொந்த எண்ணமே யாரோ சொல்வதுபோலக் கேட்கும். ஸ்காட்லாந்தின் எடின்பரோ புத்தகத் திருவிழாவுக்கு வந்த 181 எழுத்தாளர்களிடம் நடத்திய ஆய்வு 2020இல் வெளிவந்தது. 63 விழுக்காட்டினர் தம் பாத்திரங்கள் பேசுவதைக் காதால் கேட்பதாகச் சொன்னார்கள். எழுதுபவர் விரும்பாத திசையில் அப்பாத்திரங்கள் தாமாகவே போவதாகவும் பலர் சொன்னார்கள். குயில் சொல்ல இவர் எழுதினார் என்பது அலங்காரப் பேச்சு அல்ல, கணிசமான எழுத்தாளர்களின் அன்றாடம்.

வாசகர்களும் தப்பவில்லை. 1,500க்கும் மேற்பட்ட வாசகர்களிடம் நடத்திய இன்னொரு ஆய்வு 2017இல் வந்தது. ஐந்தில் ஒருவர், புத்தகத்தை மூடி வைத்த பிறகும் பாத்திரங்களின் குரல் தம்மோடு இருப்பதாகச் சொன்னார். கடைவீதியில் ஒன்றை வாங்கலாமா என்று யோசிக்கும்போது கதையில் வந்த ஒருவர் கருத்துச் சொல்கிறார், பேருந்தில் எதிர்வரிசையில் இருப்பவரைப் பார்த்து ஏதோ முணுமுணுக்கிறார். இப்படிக் கேட்பது நோய் இல்லை. அது தம் மனத்தின் குரல் என்பதும் அவர்களுக்குத் தெரியும். தெரிந்துகொண்டேதான் கேட்கிறார்கள்.